வெள்ளைப் பன்றியும் நார்சிஸஸும்: வர்ஜிலின் அடிகளில் கிரேக்கக் கதைகள்

ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஈனியட் காவியத்தின் எட்டாவது புத்தகத்தில், டைபர் ஆற்றங்கரையில் ஒரு வெள்ளைப் பன்றி குட்டிகளோடு படுத்துக் கிடக்கும். ட்ராயிலிருந்து தப்பி வந்த காவியத் தலைவன் ஈனியஸுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்த சகுனம் அது. "காட்டினூடே வெண்மையாய்" என்று அந்த அடி தொடங்கி, "தன் நிறத்துக் குட்டிகளோடு" என்று போகும். சில நூற்றாண்டுகள் கழித்து, பெயர் வைத்துக்கொள்ளாத ஒரு லத்தீன் கவிஞர் இந்த அடியின் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்தார். ஏழாம் புத்தகத்தில், லத்தீனஸ் அரசனின் நகருக்கு வெளியே குதிரையேற்றம் பழகும் வாலிபர்களைப் பற்றி ஓர் அடி இருக்கிறது. அதன் பின்பாதி, "முதற்பருவத்து மலர்ச்சியில் இளமை". இரண்டையும் ஒட்டினார்:

காண்டிடா பெர் சில்வம் / ப்ரிமைவோ ஃப்ளோரே யுவென்டுஸ்.

பன்றி போய்விட்டது. காட்டுக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு பையன் நடந்து வருகிறான். அவன்தான், தண்ணீரில் தெரிந்த தன் உருவத்தின் மேலேயே காதல் கொண்டு மடிந்து பூவாகிப்போன நார்சிஸஸ்.

இலக்கணத்தையும் கவனியுங்கள். லத்தீனில் பெயரடைக்கும் பால் உண்டு. பன்றி பெண்பால் என்பதால் 'காண்டிடா' பெண்பாலில் நிற்கிறது. அதை ஒரு பையன் மேல் நேராக ஏற்ற முடியாது. ஆனால் 'யுவென்டுஸ்', அதாவது இளமை அல்லது இளையோர், பெண்பால் பெயர்ச்சொல். வாலிபர் கூட்டத்தைக் குறித்த அந்தச் சொல்லை ஒற்றை வாலிபனுக்கு ஆக்கியதும் இலக்கணமும் நேராகிவிட்டது, யாப்பும் நேராகிவிட்டது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இப்படி இன்னொருவரின் அடிகளை வெட்டி ஒட்டிப் புதுக் கவிதை செய்வதற்கு சென்டோ என்று பெயர். இதை வெறும் வித்தை என்று ஒதுக்குபவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இங்கே இரண்டு சென்டோக்களின் தொடக்க அடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒட்டு எங்கே உயிர் பெறுகிறது என்று பார்க்கப் போகிறேன். என் கட்சி இது: கிரேக்கக் கதைகளை வர்ஜிலின் சொற்களில் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்தக் கதைகள் முன்பே வர்ஜிலுக்குள் புகுந்திருந்ததுதான். சென்டோக்காரர் வாங்கியது கடன். பல இடங்களில் அது பழைய கடன் திரும்பி வந்ததாகவே இருக்கிறது.

ஆட்டத்தின் விதிகள்

விதிகளை எழுதி வைத்தவர் ஆசோனியஸ். 4ஆம் நூற்றாண்டு, ஊர் போர்தோ. பிற்காலத்துப் பேரரசர் கிரேஷியனுக்குச் சிறுவயதில் பாடம் சொன்னவர். கிரேஷியனின் தந்தை முதலாம் வாலன்டினியன், வர்ஜில் அடிகளால் ஒரு திருமணக் கவிதை கட்டிவிட்டு, நீயும் ஒன்று செய் என்று இவருக்கு உத்தரவு போட்டார். பேரரசரை ஜெயித்தால் திமிர், வேண்டுமென்றே தோற்றால் அதுவும் பல்லிளிக்கும். இந்தச் சங்கடத்தை ஆக்ஸியஸ் பாலஸ் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். ஒரு பகலும், விளக்கேற்றி வைத்துக் கொஞ்சம் இரவும் செலவழித்து முடித்துவிட்டாராம்.

அந்தக் கடிதத்தில்தான் விதிகள் வருகின்றன. வர்ஜிலின் அடி ஆறு சீர் கொண்டது. நடுவில், பெரும்பாலும் மூன்றாம் சீருக்குள், ஒரு சிறு நிறுத்தம் வரும். அங்கே வெட்டலாம். ஓர் அடியின் பாதியையும் இன்னோர் அடியின் பாதியையும் சேர்த்து ஒன்றாக்கலாம். ஓர் அடியை முழுதாக எடுத்து, அதை அடுத்து வரும் பாதியோடு வேறொரு பாதியைச் சேர்க்கலாம். தொடர்ந்து இரண்டு அடிகளை அப்படியே எடுப்பது திறமைக் குறைவு. மூன்று என்றால் வெறும் விளையாட்டுத்தனம். எலும்புத் துண்டுகள் பதினான்கை வைத்து ஆடும் ஒரு கிரேக்கப் புதிரை உவமையாகச் சொல்கிறார். கைதேர்ந்தவன் அடுக்கினால் யானை, காட்டுப்பன்றி, பறக்கும் வாத்து எல்லாம் வரும். தெரியாதவன் அடுக்கினால் பார்க்கச் சகிக்காது. இது நினைவாற்றலின் வேலை மட்டும்தான், பாராட்டுவதைவிடச் சிரிப்பதே பொருத்தம் என்றும் சொல்லிக்கொள்கிறார். அந்தப் பணிவை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அரசவைக்காரர் பேச்சு அது.

நினைவாற்றல் என்பது மட்டும் உண்மை. வர்ஜிலின் மூன்று நூல்களும் (ஆயர் பாடல்கள், உழவுப் பாடல்கள், ஈனியட்) சேர்ந்து ஏறத்தாழ 12,900 அடிகள். ரோமானியப் பள்ளிகளில் இலக்கணம் படிப்பது என்றால் இவற்றைப் படிப்பதுதான். திருச்சபை அறிஞர் அகஸ்டின் தன் நண்பர் சிம்ப்ளிசியஸைப் பற்றி எழுதியிருக்கிறார். வர்ஜிலில் எந்த இடத்தைக் கேட்டாலும் அங்கிருந்து பின்னோக்கி ஒப்பிப்பாராம் அந்த மனிதர். எல்லோரும் அந்த ரகம் இல்லைதான். ஆனாலும் சென்டோ கேட்க உட்கார்ந்தவருக்கு, பாதி அடி காதில் விழுந்ததும் மீதிப் பாதி தானாக மனதில் ஓடியிருக்கும். வெட்டி எறியப்பட்ட பாதியும் கவிதைக்குள் இருந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் இதில் ருசி.

முதல் எடுத்துக்காட்டு: நார்சிஸஸ், 16 அடிகள்

கைக்கு அடக்கமான கவிதை. வடக்கு ஆப்பிரிக்காவில், வாண்டல் அரசர்களின் காலத்தையொட்டித் தொகுக்கப்பட்ட லத்தீன் பாடல் திரட்டு ஒன்றில் இருக்கிறது. திரட்டின் முக்கியப் பிரதி 800ஆம் ஆண்டு வாக்கில் படியெடுக்கப்பட்டது. பின்னாளில் சோமேஸ் என்ற பிரெஞ்சு அறிஞரின் கைக்கு வந்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது.

பையன் காட்டுக்குள் வந்தாயிற்று. அடுத்த அடி, "இடைவிடாமல் வந்துகொண்டிருந்தான்" என்று தொடங்குகிறது. இது ஆயர் பாடல்களில் இரண்டாவது பாட்டின் நான்காம் அடி. அங்கே வருபவன் கோரிடன் என்ற ஆயன். அலெக்சிஸ் மேல் ஆசைப்பட்டு, மரநிழலில் தனியாகப் புலம்புபவன். அவன் புலம்பலில் ஓர் இடம் உண்டு. நான் ஒன்றும் அவ்வளவு அசிங்கமில்லை, அன்றைக்குக் காற்றில்லாமல் கடல் அசையாமல் கிடந்தபோது கரையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டேன், பிம்பம் பொய் சொல்லாது என்றால் நான் அழகன்தான் என்பான். தண்ணீரில் முகம் பார்த்துக்கொள்ளும் காதலன்! நார்சிஸஸின் கால்களை எடுத்து வைக்க அந்தக் கோரிடனின் அடிதான் கிடைத்திருக்கிறது.

தற்செயலாக இருக்கலாமே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் இடையில், வர்ஜிலுக்கு அடுத்து வந்த ரோமானியக் கவிஞர் ஓவிட் இருக்கிறார். நார்சிஸஸ் கதையை லத்தீனில் நிலைநிறுத்தியது அவருடைய உருமாற்றங்கள் நூலின் மூன்றாம் புத்தகம். அதில் உண்மை விளங்கும் கணத்தில் நார்சிஸஸ் கத்துவான்: அவன் நான்தான், என் பிம்பம் என்னை ஏமாற்றவில்லை. கோரிடன் சொன்ன அதே 'ஃபாலிட் இமாகோ'. ஓவிட் தன் நார்சிஸஸுக்கான சொல்லைக் கோரிடனிடம்தான் வாங்கினார். சென்டோக்காரர் ஓவிடின் கதையை வர்ஜிலின் சொல்லில் சொல்லப் புறப்பட்டு, ஓவிட் கடன் வாங்கிய அதே பாட்டின் வாசலுக்கே போயிருக்கிறார்.

நாலாவது அடி: "முகப்பொலிவு மிக்கவன், நெடுங்காதலைப் பருகிக்கொண்டிருந்தான்." பின்பாதி ஈனியட் முதல் புத்தகத்தின் முடிவிலிருந்து வருகிறது. விருந்தில் ஈனியஸ் பேசப் பேச, பின்னால் அவன் கைவிட்டுப் போனதும் உயிரை விடப்போகும் கார்த்தேஜ் அரசி டைடோ கேட்டுக்கொண்டிருக்கிறாள்: "பாவம் டைடோ, நெடுங்காதலைப் பருகிக்கொண்டிருந்தாள்." அங்கே பருகுவது உருவகம். கையில் கிண்ணம் இருக்கிறது, கண்ணில் காதல் இருக்கிறது. இங்கே பையன் சுனைக்கு மேல் குனிந்திருக்கிறான். நிஜமாகவே தண்ணீர் குடிக்கிறான், குடிக்கும்போதே மயங்குகிறான். ஒரு சொல்லும் மாறாமல் உருவகம் நேர்ப்பொருளாகிவிட்டது. ஓவிடும் இதே இடத்தில்தான் விளையாடுவார்: தாகம் தணிக்கப் போக வேறொரு தாகம் வளர்ந்தது, குடிக்கும்போதே கண்ட உருவத்தில் சிக்கினான் என்று. வெட்டப்பட்ட "பாவம் டைடோ" கேட்பவர் மனதில் ஒலிக்குமே, அது இலவசமாகக் கிடைத்த முன்னறிவிப்பு. இவனும் பிழைக்கப் போவதில்லை.

ஆறாவது அடி வெட்டே இல்லாத முழு அடி: "திகைத்து, ஒரே பார்வையில் பதிந்து, ஒட்டி நிற்கையில்." கார்த்தேஜில் ஜூனோவின் கோயில் சுவரில் ட்ராய் போர்க் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. ஈனியஸ் அவற்றைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறான். ஓவியத்தை 'வெற்றுச் சித்திரம்' என்கிறார் வர்ஜில். அதைக் கொண்டு நெஞ்சுக்குத் தீனி போடுகிறானாம். அந்தச் சித்திரங்களுக்குள் கிரேக்கத் தலைவர்களோடு கலந்து போரிடும் தன்னையும் அடையாளம் கண்டுகொள்கிறான். அதற்கு ஏழு அடி தள்ளித்தான் இந்த அடி வருகிறது. தன் உருவத்தையே ஒரு பரப்பில் கண்டு, அசையாமல் நிற்கும் மனிதனைப் பற்றிய அடி. நார்சிஸஸுக்கு இதைவிடப் பொருத்தமாக வர்ஜிலில் எங்கே தேடுவது? இங்கும் ஓவிட் முந்திக்கொண்டார். அவருடைய நார்சிஸஸ் 'தன்னைக் கண்டே திகைத்து, மாறாத முகத்தோடு ஒட்டி' நிற்பான். திகைத்தல், ஒட்டுதல் என்ற அதே இரண்டு வினைகள். இந்த ஆறாவது அடிக்காக மட்டுமே நான் இந்தக் கவிதையைப் பெரிய கவிதைகளின் வரிசையில் வைப்பேன்.

எல்லா ஒட்டும் இப்படிப் பேசுவதில்லை. ஐந்தாவது அடியின் "காதலைப் பற்றிக் கவலையற்றவனாய்" என்ற துண்டு, டைடோவின் கணவனைக் கொன்ற அவள் சகோதரன் பிக்மாலியனைப் பற்றியது. சகோதரியின் காதலைப் பொருட்படுத்தாமல் கொன்றான் என்பது அங்கே பொருள். இங்கே அந்தக் கொலைகாரனை நினைத்து எதுவும் கிடைக்கப்போவதில்லை; சீர் பொருந்தியது, எடுத்துக்கொண்டார். வெள்ளைப் பன்றியும் அப்படித்தானா? கேட்டவர்களில் பாதிப் பேராவது வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அழகில் கர்வம் கொண்டவனைப் பன்றியோடு தொடங்கி வைப்பதில் ஒரு குறும்பு இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது: மெடியா, 461 அடிகள்

இது முழு நாடகம். ஜேசனுக்காக எல்லாவற்றையும் விட்டு வந்து, அவன் வேறொருத்தியை மணந்ததும் பெற்ற பிள்ளைகளையே கொன்ற மெடியாவின் கிரேக்கக் கதை. பிரதியில் ஆசிரியர் பெயர் இல்லை. கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் டெர்டூலியன், 200ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஒரு நூலில், ஹோசிடியஸ் கீட்டா என்பவர் வர்ஜிலிலிருந்து மெடியா நாடகத்தை முழுசாகப் பிழிந்தெடுத்தார் என்கிறார். அந்த நாடகம் இதுதான் என்று கொள்கிறார்கள். தன் உறவினர் ஒருவரும் ஓய்வு நேரத்தில் இப்படி ஒன்று செய்ததாகப் போகிற போக்கில் சொல்கிறார் டெர்டூலியன். வீட்டுக்கு வீடு நடந்த பொழுதுபோக்கு போலிருக்கிறது. உரையாடல்கள் ஆறு சீர் அடிகளில் ஓடும். குழுப்பாடல்களுக்கு அடிகளின் பின்பாதியை மட்டும் வரிசையாக அடுக்கியிருக்கிறார் கீட்டா. குழுப்பாடல்கள் எனக்கு அலுப்பூட்டுகின்றன. சொல்வது தொடர்ந்தாலும் ஓசை நொண்டுகிறது.

தொடக்கம் வேறு ரகம். மெடியா தனியாக வந்து நிற்கிறாள். "சூரியன் இப்போது சாட்சியாகட்டும், வேண்டிக்கொள்ளும் எனக்கு இந்த நிலமும் சாட்சியாகட்டும்." இது ஈனியட் பன்னிரண்டாம் புத்தகம். எதிரித் தலைவன் டர்னஸோடு தனிச்சண்டைக்கு ஒப்பந்தம் போடும்போது ஈனியஸ் செய்யும் சத்தியம். எதிரே லத்தீனஸ், தன் பாட்டன் சூரியனின் அடையாளமாகப் பன்னிரண்டு பொற்கதிர்கள் கொண்ட முடி சூடி நிற்கிறான். மெடியாவுக்கும் சூரியன்தான் பாட்டன். ஈனியஸுக்குச் சூரியன் ஒரு தெய்வச் சாட்சி. இவளுக்கு வீட்டுப் பெரியவர். அந்த ஒப்பந்தம் சற்று நேரத்திலேயே முறிந்துவிடும் என்பது கேட்பவருக்குத் தெரியும். ஜேசன் செய்த சத்தியமும் அந்த கதிதான்.

அடுத்த அடி, "பழிவாங்கும் கொடுந்தெய்வங்களும்" என்று தொடங்குகிறது. நாலாம் புத்தகத்தில், சாவதற்கு முன் டைடோ ஈனியஸின் வம்சத்துக்கே இடும் சாபம். மூன்றாவது அடி: "உன்னிடம் அடைக்கலம் வருகிறேன், சட்டம் வகுப்பவள் நீ என்கிறார்களே." முன்பாதி, வீனஸ் தன் மகன் க்யூபிடிடம் சொன்னது. டைடோவின் நெஞ்சில் தீ வைத்துவிட்டு வா என்று கெஞ்சியபோது. பின்பாதி, அன்றிரவு விருந்தில் டைடோ ஜூபிடரை வேண்டியது: "விருந்தினருக்குச் சட்டம் வகுப்பவன் நீ என்கிறார்களே." கீட்டா "ஜூபிடர், விருந்தினருக்கு" என்பதை வெட்டிவிட்டு, அடுத்த அடியின் முதல் சொல்லாகத் "திருமணங்களுக்கு" என்பதை வைக்கிறார். ஜூனோவின் இலாகா அது. வீனஸ் வைத்த தீ, டைடோவின் நம்பிக்கை, டைடோவின் சாபம் என்று அந்தக் கதையின் முதலும் முடிவும் இரண்டே அடிக்குள் வந்துவிட்டன, மெடியாவின் வாயில்.

அந்த மூன்றாம் அடியில் இன்னொரு நுணுக்கம். வர்ஜிலில் "அட் தே கான்ஃபூகியோ எட்" என்று வரும். லத்தீன் யாப்பில் ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் முதல் உயிர் விழுங்கப்படும். ஆக, 'அடைக்கலம் வருகிறேன்' என்பதன் கடைசி 'ஓ' அங்கே காதில் விழாது. கீட்டா அடுத்து 'நாம்' என்ற மெய்யில் தொடங்கும் சொல்லை ஒட்டியதால், விழுங்கப்பட்டிருந்த 'ஓ' இங்கே முழு நெடிலாக வந்து சீரை நிரப்புகிறது. எழுத்து அதே எழுத்துதான், அடியில் அதன் கணக்கு வேறு. இவ்வளவு நுணுகிப் பார்த்தவரை வெறும் நினைவாற்றல்காரர் என்று தள்ளுவது நியாயமில்லை.

இப்போது கடன் கணக்குக்கு வருவோம். ஈனியட் நாலாம் புத்தகத்தைப் பற்றி, அதன் பழைய உரையாசிரியர் செர்வியஸ் முதலிலேயே சொல்லிவிடுகிறார்: கிரேக்கக் கவிஞர் அப்பல்லோனியஸ் தன் ஆர்கோனாட்டிகாவின் மூன்றாம் புத்தகத்தில் காதல் கொண்ட மெடியாவைக் காட்டினார், இந்தப் புத்தகம் முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. அதாவது கிரேக்க மெடியாவை எடுத்து வர்ஜில் டைடோவைச் செய்தார். கீட்டா டைடோவைப் பிரித்து மறுபடி மெடியாவைச் செய்கிறார். கூடவே ரோமானிய நாடகாசிரியர் செனக்காவும் இருக்கிறார். அவருடைய மெடியாவும் மேடைக்கு வந்ததும் திருமணத் தெய்வங்கள், சூரியன், பழிவாங்கும் தெய்வங்கள் என்றுதான் கூப்பிடுவாள். கீட்டா அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் வர்ஜிலில் ஆள் தேடியதுபோல் இருக்கிறது அவருடைய தொடக்கம்.

பெயர் வைக்க முடியாத பாத்திரங்கள்

இந்தக் கலையின் பெரிய இடைஞ்சல் பெயர்தான். வர்ஜிலில் மெடியா என்ற பெயர் கிடையாது. ஜேசனும் கிடையாது. ஆயர் பாடல்களில் எட்டாவதில், பிள்ளைகளின் ரத்தத்தால் கையைக் கறைப்படுத்தக் கொடிய காதல் ஒரு தாய்க்குக் கற்றுத் தந்தது என்று வரும். தாயின் பெயர் வராது. ஆக, 461 அடி நாடகத்தில் கதாநாயகி பெயர் சொல்லி ஒருவரும் அவளை அழைக்க முடியாது. ப்ரோக்னி, ஃபிலோமெலா, பாரிஸ் போன்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, அந்தப் பெயர்கள் வர்ஜிலில் இருக்கின்றன. ஆல்செஸ்டிஸ் கதைக்கு 162 அடியில் ஒரு சென்டோ உண்டு. அவள் பெயரும் வர்ஜிலில் இல்லை. நார்சிஸஸ் பாதி அதிர்ஷ்டசாலி. வர்ஜிலில் அந்தப் பெயர் வருகிறது, ஆனால் பூவாக. கதை முடிந்த பிறகு அவன் ஆகப்போகும் அதே பூ.

எனவே தலைப்பும், நாடகத்தில் பேசுபவர் பெயரைக் குறிக்கும் ஓரக்குறிப்பும்தான் சுமையைத் தாங்குகின்றன. அவற்றை எடுத்துவிட்டால் சுனையோரத்தில் ஒரு பையன், கணவன் மேல் கோபமாக ஒரு பெண், அவ்வளவுதான். இதைக் குறை என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரேக்கக் கதை தெரிந்தவர், வர்ஜிலும் தெரிந்தவர் என்று இரண்டு பாடமும் படித்தவரை மட்டுமே நம்பி எழுதப்பட்ட கவிதைகள் இவை. பெயரைச் சொல்லாமல் ஆளைக் காட்டுவதுதான் பந்தயமே.

இதே தொல்லை, இன்னும் பெரிதாக, ப்ரோபாவுக்கு வந்தது. 4ஆம் நூற்றாண்டில் ரோமின் உயர்குடியில் பிறந்த கிறிஸ்தவப் பெண்மணி. படைப்பு தொடங்கி கிறிஸ்து விண்ணேறியது வரை 694 அடிகளில், கிட்டத்தட்ட முழுக்க வர்ஜிலின் சொற்களில் பாடினார். இயேசு என்ற பெயருக்கு வர்ஜிலிடம் எங்கே போவது? பெயரில்லாமலேயே சமாளித்தார். புத்தகம் நூற்றாண்டுகளாகப் பள்ளிகளில் ஓடியது. ஆனால் 6ஆம் நூற்றாண்டளவில் வந்த ஒரு திருச்சபைப் பட்டியல், வர்ஜிலின் அடிகளால் கட்டிய கிறிஸ்து பற்றிய சென்டோவை ஏற்கத்தகாத நூல்களில் சேர்த்தது. அதற்கு முன்பே, வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம், பாலினஸுக்கு எழுதிய கடிதத்தில், இந்த வேலைகளெல்லாம் சிறுபிள்ளைத்தனம், தெருவித்தைக்காரன் ஆட்டம் என்று சாடியிருந்தார். இப்படியே போனால் கிறிஸ்துவே இல்லாமல் வர்ஜிலைக் கிறிஸ்தவன் என்று சொல்லிவிடலாமே என்பது அவருடைய கேலி.

வேதத்தை வைத்துப் பார்த்தால் ஜெரோமின் கோபம் புரிகிறது. டெர்டூலியனும் கீட்டாவை இழுத்தது, வேத வசனங்களைப் பிய்த்து ஒட்டித் தங்களுக்கு வேண்டிய பொருள் வரவழைப்பவர்களைத் திட்டத்தான். ஒரு வசனத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்கினால் அதன் பொருள் கெடும் என்பது அவர்கள் கவலை. நார்சிஸஸ் சென்டோவில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே பிடுங்கிய துண்டு பழைய இடத்தைக் கையோடு கூட்டி வருகிறது. பழைய இடத்தை மறந்தவனுக்குத்தான் கவிதையே கிடையாது. அதோடு, சுனையில் முகம் பார்த்த பையனைப் பற்றித் தப்பாகப் புரிந்துகொண்டதால் யாருடைய மோட்சமும் கெட்டுப்போகப் போவதில்லை.